மழைக்காலத்தில் வாசல்கதவு ஏன் இறுகுகிறது?

ஐப்பசி மழை பிடித்தால் காரைக்குடிப் பக்கத்துப் பழைய தேக்குக் கதவும் நிலையில் இறுகிக்கொள்ளும். தோளால் இடித்துத்தான் திறக்க வேண்டும். மரத்தின் செல்சுவர்கள் காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்புகின்றன, அதுவும் அகலவாக்கில்தான். நீளவாக்கில் மாற்றம் மிகச் சொற்பம். இதை அறிந்தே பழைய ஆசாரிகள் நடுப்பலகையை ஆணியடிக்காமல் சட்டத்தின் காடியில் செருகி, அசைய இடம் விட்டார்கள். எவ்வளவு நுட்பமான வேலை!

ஆகவே மழையில் இழைப்புளியை எடுக்காதீர்கள். ஈரத்தில் உப்பிய கதவை இழைத்துவிட்டால், அது சுருங்கும் பங்குனியில் இடுக்கு தெரியும். வெயில் வந்ததும் கதவின் அடிவிளிம்பைக் குனிந்து பாருங்கள். நெட்டுச் சட்டங்களின் வெட்டுமுனை அங்கேதான் இருக்கிறது. அந்த முனையில் திறந்து கிடக்கும் மரத்தின் நுண்குழல்கள், வாசல் தெளிக்கும் தண்ணீரைத் தினமும் குடிக்கின்றன. பெயிண்ட் அடிப்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுவதும் இந்த இடத்தைத்தான்.

உப்புத்தாளால் மரத்தின் ரேகை போகும் திசையிலேயே தேயுங்கள். ஆளிவிதை எண்ணெயை அடிவிளிம்பு உட்பட மெல்லிசாகப் பூசி, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். அது ஆவியாகிக் காய்வதில்லை; ஆக்சிஜனோடு வினைபுரிந்து கெட்டிப்படுகிறது. அப்போது வெப்பம் வெளிப்படும். துடைத்த துணியைச் சுருட்டிப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கலாம். தண்ணீரில் நனைத்து, வெட்டவெளியில் விரித்துக் காயவிடுங்கள்.