விறைப்பும் எதிரொலியும்: நீரடி ஒலியியலில் இறப்பர்

ஒலி தெறிப்பதற்குப் பொருளின் கடினமே காரணம் என்ற எண்ணம் பரவலாக உண்டு. சண்டிலிப்பாய்க் கிணறுகளின் சுண்ணக்கற் சுவரிலே தம் குரல் எதிரொலிக்கக் கேட்டுப் பழகியோர்க்கு அது இயல்பானதே. ஆயின் இங்கு கருதப்படவேண்டியது கடினமன்று, விறைப்பாகும். மேற்பரப்பிற் கீறல் விழாமை கடினம். அமுக்கத்துக்கு இசைந்து கொடாமை விறைப்பு. இரண்டையும் ஒரு சொல்லாற் குறிப்பது சொற்பஞ்சம் மட்டுமன்று, சிந்தனைக் குழப்பமுமாகும்.

பொருளின் அடர்த்தியை அதனுள் ஒலி செல்லும் வேகத்தாற் பெருக்க வருவது அதன் ஒலித்தடங்கல். அடர்த்தி மாறாதிருக்க விறைப்பு நான்கு மடங்கானால், வேகமும் அதனால் தடங்கலும் இரு மடங்காகும். ஒலி நீரிற் செக்கனுக்கு ஏறத்தாழ 1,500 மீற்றரும் உருக்கில் 5,900 மீற்றரும் செல்லும். உருக்கின் அடர்த்தி நீரினதைப்போல் 7.8 மடங்கு, தடங்கலோ ஏறக்குறைய 30 மடங்கு. எனவே, தடித்த உருக்கில் நேராகப் படும் ஒலிச்சக்தியில் 88 சதவீதமளவு திரும்பிவிடுகிறது. விறைப்பு மிகக் குறைந்த வளியிற் பட்டாலும் ஏறத்தாழ முழுவதும் திரும்புகிறது; அமுக்க அலை தலைகீழாவதே வேறுபாடு. ஆகவே தெறிப்பைத் தீர்மானிப்பது பொருளின் தனிக்குணமன்று, நீருக்கும் அதற்குமுள்ள உறவே. காற்றுப்பை கொண்ட மீன்களின் எதிரொலியிற் பெரும்பகுதி தசையிலிருந்தன்றி அப்பையிலிருந்தே வருவதும் இதனாலேயாம்.

இறப்பரின் தடங்கல் நீரினதை அண்மித்தது. ஒலி எளிதில் உட்புகும். ஆனால் பின்னாலுள்ள உருக்கு அதனைத் திருப்பிவிடுமே! இங்குதான் இறப்பரின் உள்முரண்பாடு பயன்படுகிறது: அதன் கனவளவைக் குறைத்தல் அரிது, உருவை மாற்றுதல் எளிது. உள்ளே வளித்துளைகள் அமைத்தால் ஒலியமுக்கம் அவற்றை நெரிக்கும். சூழவுள்ள இறப்பர் உருத்திரிந்து மீள்கையில் சக்தி வெப்பமாகிக் கழியும். இரண்டாம் உலகப்போரில் ஜேர்மானியர் யூ-480 முதலிய நீர்மூழ்கிகளைப் போர்த்திய ‘அல்பெரிக்’ உறை இவ்வகையினது. தடிப்பு 4 மில்லிமீற்றர். ஒட்டிய உறை கடலிற் கழன்றுபோதல் அவர்களுக்குப் பெருந்தலையிடியாயிற்று.

அவ்வுறை செயற்கை இறப்பராலானது. 1942இல் மலாயா யப்பானியர் வசமான பின், நேசநாடுகளுக்கு எஞ்சிய இயற்கை இறப்பரின் பிரதான ஊற்று இலங்கையே. அங்கு பால் வெட்டியோருட் பலரான மலையகத் தமிழரையே 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றோராக்கியது. பொருட்களின் இயல்பை ஆராயும் நூல்கள் இவ்வுழைப்பைப் பேசுவதில்லை.

ஆழமும் கவனிக்கத்தக்கது. 100 மீற்றர் ஆழத்தில் ஏறத்தாழ 10 வளிமண்டல அமுக்கம் மேலதிகமாகச் சேர்கிறது. துளைகள் சுருங்க உறை விறைப்பேறுகிறது. மேல்மட்டத்தில் ஒலியை விழுங்கிய அதே உறை அங்கு அதனைத் திருப்பியனுப்பத் தொடங்கலாம்.