ஜோடி கோமாளி மீன்கள் சண்டையிட்டால் என்ன செய்வது?

வீட்டில் கடல்நீர்த் தொட்டி வைத்து அலங்கார மீன் வளர்ப்பவர்களுக்கு அடிக்கடி ஏற்படும் இழப்பு இது. ஜோடியாக விட்ட கோமாளி மீன்களில் ஒன்று சில நாட்களில் துடுப்பு கிழிந்து இறந்துவிடும். காரணம் தெரிந்தால் இதைத் தடுக்கலாம்.

ஏன் சண்டை?

கோமாளி மீன்கள் முதலில் ஆணாகவே முதிர்ச்சி அடையும். கூட்டத்தில் பெரிய மீன் பெண்ணாக மாறும். அடுத்த நிலையில் உள்ளது அதன் ஆண் துணையாகும். பெண்ணான மீன் மீண்டும் ஆணாகாது. எனவே இரண்டு பெண்களைச் சேர்த்து விட்டால், ஒன்று சாகும்வரைகூடச் சண்டை நீடிக்கும்.

எது இயல்பு?

பெண் லேசாகத் துரத்துவதும், ஆண் உடலை நடுக்கிப் பணிவதும் இயல்பு. முட்டையிடும் நாட்களில் துரத்தல் கூடும். ஆனால் சிறிய மீன் மூலையில் ஒதுங்கி, இரை எடுக்காமல், துடுப்பு கிழிந்து காணப்பட்டால் உடனே பிரித்துவிட வேண்டும்.

செய்ய வேண்டியவை

* ஒரே இனத்தில் ஒன்று பெரியதாகவும் மற்றொன்று சிறியதாகவும் வாங்குங்கள். இரண்டும் குஞ்சுகளாக இருந்தாலும் நல்லது.
* புதிய மீனைத் துளையிட்ட பிளாஸ்டிக் தடுப்புக்குள் ஒரு வாரம் வைத்துப் பழக்குங்கள்.
* தடுப்பை எடுக்கும்போது பாறைகளை இடம் மாற்றி வையுங்கள். பழைய மீன் தன் இடம் என்று உரிமை கொண்டாடுவது குறையும்.
* பெண் இறந்துவிட்டால் பெரிய மீன் வாங்காதீர்கள். மீதமுள்ள ஆணே பெண்ணாக மாறும்; அதற்குச் சிறிய துணையை விட்டால் போதும்.

மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்டபம் மையம், கோமாளி மீன் குஞ்சு உற்பத்தியில் வெற்றி கண்டுள்ளது. கடலில் பிடித்த மீனைவிட, தொட்டிக்கும் தீவனத்துக்கும் பழகிய பொரிப்பகக் குஞ்சுகளையே தேர்வு செய்வது நல்லது.