புல்லை நம்பிய இரு குருவிகள்

ஐப்பசி பிறந்தால் ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் கதிர்க்குருவிகளின் சத்தம் தொடங்கிவிடும். சில்வர் ஓக் உச்சியில் ‘டிஸ்லி, டிஸ்லி’ என்று கூப்பிடுவது பச்சைக் கதிர்க்குருவி. கீழே புதருக்குள் ‘சக், சக்’ என்பது பிளைத் நாணல் கதிர்க்குருவி. வடக்கிலிருந்து வலசை வரும் இவற்றுக்கு மரமோ புதரோ இருந்தால் போதும், இப்போதைக்கு ஆபத்தில்லை.

ஆபத்து, இவற்றின் தூரத்து உறவினர்களான இரண்டு புல்குருவிகளுக்குத்தான். ஒன்று அகலவால் புல்குருவி. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் கூடு கட்டுவதில்லை. மற்றது மீசைப் புல்குருவி. நேபாளத்தின் சித்வான் போன்ற, இமயமலை அடிவாரத் தராய்ப் பகுதிகளின் ஈரப் புல்வெளிகளில் வாழ்வது. இரண்டையும் 1840-களில் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் ஒருவரே: சென்னை மாகாணத்தில் ராணுவ மருத்துவராக இருந்த ஜெர்டன்.

பார்வைக்கு எப்படிப் பிரித்தறிவது? முதுகைப் பாருங்கள். அகலவாலின் முதுகு கோடில்லாத செம்பழுப்பு. மீசைக்காரனின் முதுகில் கருங்கோடுகள் அழுத்தமாக ஓடும். அதன் அலகடியில் விறைப்பான மயிர்கள் துருத்தி நிற்கும். முன்னது சுமார் 18 செ.மீ. நீளம், பின்னது 20.

அகலவாலுக்கு நெருங்கிய சொந்தம் ஆப்பிரிக்காவில் இருக்கிறது என்றுதான் நெடுங்காலம் நம்பினார்கள். 2018-ல் வெளியான மரபணு ஆய்வு அதை மாற்றியது. உண்மையான உடன்பிறப்பு மீசைப் புல்குருவியே. இன்று இரண்டும் ஒரே பேரினம்.

பழக்கத்திலும் அந்த உறவு தெரிகிறது. ஆண்டின் பெரும்பகுதி புல்லுக்குள் எலிபோல் ஒளிந்தே திரியும். மழைக்காலத்தில் மட்டும் ஆண் பறவை பாடிக்கொண்டே மேலெழுந்து, வாலை விரித்தபடி இறங்கும். கணக்கெடுப்பவர்களுக்குக் கிடைப்பது அந்தச் சில வாரங்கள்தான்.

உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் செம்பட்டியலில் இரண்டுமே அழிய வாய்ப்புள்ளவை. தராயில் புல்வெளி வயலாகிறது. நீலகிரியிலோ தேயிலையும் தைலமரமும் சீகை மரமும் புல்வெளியை விழுங்கின. புல் மண்டிய மேட்டைத் தரிசு என்று எழுதிவைத்த பழைய வருவாய்க் கணக்கு இதற்குத் துணைபோனது.

ஏற்காட்டிலும் சேர்வராயன் கோயில் மேட்டைச் சுற்றிப் புல்வெளி உண்டு. மழைக்காலத்தில் மரக்கன்று நடக் கிளம்புகிறவர்கள் சாலையோரத்தையும் வெட்டிய காட்டையும் தேடிப் போகட்டும், புல்வெளி காலியிடமல்ல.