ஆச்சி கண்ணில் ஒரு வட்டம்

கண்புரை ஆபரேஷன் முடிந்த சில நாளில், இரவு வாசலில் நின்றபடி ஆச்சி சொன்னார்: “தெருவிளக்கைச் சுத்தி வட்டமாத் தெரியுதுடா.” நானும் அதே விளக்கைத்தான் பார்த்தேன். வட்டம் எதுவும் இல்லை. ஆனாலும் ஆச்சி சொன்னது உண்மை. அந்த வட்டம் தெருவில் இல்லை, அவர் கண்ணுக்குள் இருந்தது.

நம் கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் வயதாக ஆக மங்கிப்போவதுதான் கண்புரை. டாக்டர் அதை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைப்பார். 1949இல் லண்டனில் ஹெரால்டு ரிட்லி என்ற டாக்டர் தொடங்கிவைத்த வழி இது. இன்று சில லென்ஸ்களில் மெல்லிய வளையங்கள் உண்டு. தூரத்தில் இருப்பதைப் பார்க்க ஒரு பங்கு, கிட்டத்தில் பார்க்க ஒரு பங்கு என்று அவை ஒளியைப் பிரித்துவிடும். தூரத்து விளக்கைப் பார்க்கும்போது ஒரு பங்கு ஒளி விழித்திரையில் புள்ளியாகக் குவியும். மற்றது குவியாமல் பரவி வட்டமாகும்.

அடுத்தவர் கண்ணுக்குள் இருப்பதை ஸ்கேல் வைத்து அளக்க முடியுமா? அவரையே வரையச் சொல்லலாம்! கம்ப்யூட்டர் திரையில் இரவுச் சாலையும், வட்டம் சூழ்ந்த ஹெட்லைட்டும் தெரியும். தனக்குத் தெரிவதுபோல வரும்வரை அந்த வட்டத்தைப் பெரிதாக்கியும் சிறிதாக்கியும் அவர் சரிசெய்வார். அந்த அளவு எண்ணாகப் பதிவாகும்.

எனக்கு மிகவும் பிடித்தது, கண்ணுக்குள் சிதறும் ஒளியை அளக்க நெதர்லாந்து விஞ்ஞானிகள் கண்டுபிடித்த இன்னொரு வழி. திரையில் ஒரு வளையம் மினுக்மினுக்கென்று மின்னும். நடுவில் இரண்டு பாதியாகப் பிரித்த ஒரு வட்டு. வளையத்தின் ஒளி கண்ணுக்குள் சிதறி நடுவிலும் விழுவதால், சும்மா இருக்கும் பாதியும் மின்னுவதுபோலத் தோன்றும். மற்றப் பாதியில், வளையம் அணையும் நேரம் பார்த்துக் கொஞ்சம் ஒளியைச் சேர்ப்பார்கள். “எந்தப் பாதி அதிகம் மின்னுகிறது?” இதுதான் கேள்வி. பார்ப்பவர் இடது, வலது பொத்தானில் ஒன்றை அழுத்த வேண்டும். சேர்க்கும் ஒளியைக் கூட்டிக் குறைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். இரண்டு பாதியும் ஒரே அளவு மின்னும் இடம் பிடிபட்டால், கண்ணுக்குள் எவ்வளவு ஒளி சிதறுகிறது என்பதும் தெரிந்துவிடும். எவ்வளவு அழகான யோசனை!

சிதறல் எப்படி இருக்கும் என்று பார்க்க ஆசையா? ஒரு மூக்குக்கண்ணாடியில் வாயால் ஊதி, ஆவி படிந்ததும் அதன் வழியே தெருவிளக்கைப் பாருங்கள். சூரியனை மட்டும் எப்போதும் பார்க்கக் கூடாது.

பலருக்கு, ஆச்சி பார்த்தது போன்ற வட்டம் சில மாதங்களில் குறைந்துவிடும். உங்கள் வீட்டுப் பெரியவர் யாராவது இப்படிச் சொன்னால், ஒரு தாளும் பென்சிலும் கொடுத்து வரையச் சொல்லுங்கள். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது அந்தப் படத்தையும் கொண்டுபோகச் சொல்லுங்கள்.