சராய்காட் போர்: முகலாயப் பெரும்படையை அஹோம் வீரர்கள் வென்றது எப்படி?

படைபலத்தில் மேலோங்கி நின்ற முகலாயப் பேரரசை, 1671-ஆம் ஆண்டு மார்ச் மாதம் பிரம்மபுத்திரா நதியில் அஸ்ஸாமின் அஹோம் படை தோற்கடித்தது. குவாஹாட்டி அருகே நடந்த இப்போரின் வெற்றிக்கு, வீரத்துடன் சரியான போர்க்களத் தேர்வும் காரணமாக அமைந்தது.

பின்னணி என்ன?

முகலாயத் தளபதி மீர் ஜும்லா 1662-ஆம் ஆண்டு அஸ்ஸாம் மீது படையெடுத்தார். அடுத்த ஆண்டு ஏற்பட்ட உடன்படிக்கையின்படி, அஹோம் அரசு நிலப்பகுதிகளையும் பெரும் இழப்பீட்டையும் அளிக்க நேர்ந்தது. 1667-இல் தளபதி லச்சித் பர்புகன் தலைமையில் அஹோம் படை குவாஹாட்டியை மீட்டது. அதை மீண்டும் கைப்பற்ற ஆம்பேர் மன்னர் ராம் சிங் தலைமையில் பெரும்படையை அனுப்பினார் அவுரங்கசீப்.

நிலமே அரண்

முகலாயரின் பெரும் பலம் குதிரைப்படை. குன்றுகளும் சதுப்பு நிலங்களும் நிறைந்த குவாஹாட்டி பகுதியில் அது எளிதில் இயங்க முடியவில்லை. குன்றுகளுக்கு இடையே மண் அரண்களை எழுப்பி நில வழிகளை அடைத்தார் லச்சித். முகலாய முகாம்கள் மீது இரவு நேரத் திடீர்த் தாக்குதல்களும் தொடர்ந்தன.

அலாபோய் தந்த பாடம்

1669-இல் அரசரின் வற்புறுத்தலால் அலாபோய் சமவெளியில் நேருக்கு நேர் மோதிய அஹோம் படை, சுமார் 10 ஆயிரம் வீரர்களை இழந்தது. திறந்தவெளியில் முகலாயக் குதிரைப்படையை எதிர்ப்பது எத்தகைய ஆபத்து என்பதை இத்தோல்வி உணர்த்தியது.

நதியில் முடிவு

நில வழிகள் அடைபட்டதால் முகலாயர் நதி வழியே முன்னேறினர். பிரம்மபுத்திரா குறுகிச் செல்லும் சராய்காட்டில், எண்ணிக்கை பலத்தை முழுமையாகப் பயன்படுத்த அவர்களுக்கு இடமில்லை. தொடக்கத்தில் அஹோம் படகுகள் பின்வாங்கின. கடும் நோயுற்றிருந்த லச்சித் தாமே படகில் ஏறிக் களமிறங்கியதும் வீரர்கள் திரும்பிவந்தனர். விரைந்து திரும்பக்கூடிய அஹோம் படகுகள், முகலாயரின் பெரிய படகுகளைச் சூழ்ந்து தாக்கின. முகலாயக் கடற்படைத் தளபதி முனவ்வர் கான் கொல்லப்பட்டார். ராம் சிங்கின் படை பின்வாங்கியது.

வெற்றிக்குப் பின்

போர் முடிந்த சில காலத்திலேயே லச்சித் மறைந்தார். 1679-இல் குவாஹாட்டி மீண்டும் முகலாயர் வசமானது. 1682-இல் இட்டாகுலி போரில் அஹோம் படை அதை இறுதியாக மீட்டது.

ஆண்டுதோறும் நவம்பர் 24-ஆம் தேதி லச்சித் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. தேசிய பாதுகாப்பு அகாடமியின் சிறந்த பயிற்சி வீரருக்கு வழங்கப்படும் தங்கப்பதக்கமும் அவரது பெயரைத் தாங்கியுள்ளது.