கொடிக்கேற்ற கொம்பு

கொடிகள் எல்லாம் ஒரே மாதிரி ஏறுவதில்லை. சங்குப்பூ தன் தண்டையே கம்பைச் சுற்றி முறுக்கிக்கொண்டு ஏறும். ஆரஞ்சுப் பூ பூக்கும் பைரோஸ்டீஜியா இலைக்காம்பிலிருந்து பற்றுக்கம்பி நீட்டி, எட்டியதைப் பிடித்துக்கொள்ளும். செங்காந்தளுக்கு இலை நுனியே பற்றுக்கம்பி. காகிதப்பூவுக்கு இந்த வித்தை எதுவும் தெரியாது. பக்கத்துக் கிளையில் முள்ளை மாட்டிச் சாய்ந்து வளரும். வெறுஞ்சுவரில் அதை ஏற்ற வேண்டுமானால் ஆணி அடித்துக் கட்டிவிடுவதைத் தவிர வழியில்லை. சுற்றி ஏறும் கொடியை இளம் பருவத்தில் தடித்த சிமென்ட் தூணில் விட்டாலோ, பிடி கிடைக்காமல் திணறும். விரல் தடிமனில் கம்போ கயிறோ அதற்குப் போதும்.

கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் பெங்களூரில் உறைபனியும் இல்லை, சென்னை வெயிலும் இல்லை. பிரேசில் கொடியும் மேற்குத் தொடர்ச்சி மலைக் கொடியும் அங்கே ஒரே வேலியில் பூக்கின்றன. 1908இல் மைசூர் சமஸ்தானத்துக்கு வந்து, பெங்களூர் லால்பாக் பூங்காவை நிர்வகித்த ஜெர்மானியத் தோட்டக்கலைஞர் கிரும்பிகல், ஒன்று ஓய்ந்ததும் இன்னொன்று பூக்கும்படி நகரத்து மரங்களைத் தேர்ந்தெடுத்தவர். அந்தக் கணக்கு வீட்டுப் பந்தலுக்கும் பொருந்தும்.

லால்பாகில் குடியரசு தின மலர்க்கண்காட்சி நடக்கும் ஜனவரியில் பைரோஸ்டீஜியாவின் முறை. சுற்றுச்சுவர் முழுக்க ஆரஞ்சுப் பூ வழியும். பூ ஓய்ந்த உடனே இதைக் கத்தரிக்க வேண்டும். அக்டோபரில் கத்தரித்தால் வரவிருக்கும் பூவையே வெட்டியதாகிவிடும். அடுத்து நீலமும் ஊதாவும் கலந்த பெட்ரியா. அதன் இலையைத் தடவினால் உப்புத்தாள் போலச் சொரசொரக்கும். நடுவிலுள்ள கருநீலப் பூ சீக்கிரமே உதிர்ந்துவிட, வெளிறிய புல்லிவட்டம் மட்டும் நட்சத்திரமாகப் பல நாள் நிற்கும். தூரத்திலிருந்து பார்ப்பவர் பூ என்று ரசிப்பது பெரும்பாலும் அதைத்தான்.

கோடை, காகிதப்பூவின் காலம். தண்ணீரைக் குறைத்தால்தான் இது பூக்கும். தினமும் ஊற்றி, தழைச்சத்து உரமும் போட்டுச் செல்லம் கொடுத்தால் இலைதான் மிஞ்சும். புதுத் தளிரில் பூக்கும் செடி என்பதால், ஒரு சுற்று பூத்து முடிந்ததும் தாராளமாக வெட்டலாம்.

மழைக்காலத்தில் ரங்கூன் மல்லி செழிக்கும். மாலையில் வெள்ளையாக விரியும் பூ மறுநாள் இளஞ்சிவப்பாகி, பின் அடர்சிவப்பாகும். ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருக்கும். வெள்ளையாக மணக்கும் முதல் இரவில் விட்டில்பூச்சிகள் வரும். நிறம் ஏறிய பிறகு தேனீக்களும் வண்ணத்துப்பூச்சிகளும் தேடி வரும்.

மண்ணின் மைந்தன் ஒன்று உண்டு: பெயரிலேயே மைசூரைச் சுமக்கும் தன்பெர்ஜியா மைசூரென்சிஸ். மஞ்சளும் செம்பழுப்புமான பூக்கள் நீண்ட சரமாகத் தொங்கும். தேன்சிட்டுகள் சரத்திலேயே தொற்றிக்கொண்டு தேன் குடிக்கும். சுவரில் படரவிட்டால் இதன் அழகு பாழ். தலைக்கு மேல் பந்தல் இருந்தால்தான் சரம் தொங்க இடம் கிடைக்கும்.

அடுக்குமாடி பால்கனியில் இவ்வளவுக்கும் ஆசைப்பட முடியாது. நாளுக்கு ஐந்தாறு மணி நேர வெயில் விழும் பக்கம் என்றால் சங்குப்பூ எளிது. விதையை இரவு ஊறவைத்து, செம்மண்ணும் மணலும் மண்புழு உரமும் கலந்த தொட்டியில் ஊன்றி, கிராதியில் கயிறு கட்டிவிட்டால் போதும். அவரைக் குடும்பம் என்பதால் வேர் முடிச்சிலுள்ள பாக்டீரியாவே தழைச்சத்தைத் தேடித் தரும். ரங்கூன் மல்லி, பைரோஸ்டீஜியா போன்ற முரட்டுக் கொடிகளைத் தரையில் நடுவதே நல்லது.

பந்தலுக்கு மூங்கில் மலிவுதான். ஆனால் ஏப்ரல், மே மாதங்களில் பெங்களூரில் மாலை நேரக் காற்றும் ஆலங்கட்டி மழையும் திடீரென்று வரும். நனைந்த பெருங்கொடியின் பாரத்தை இரண்டு வருடத்து மூங்கில் தாங்காது. நடும்போதே இரும்புக் குழாயை ஊன்றிவிட்டால், பூத்துக் குலுங்கும் கொடியை இறக்கிப் பந்தலை மாற்றும் வேலை மிச்சம்.