வேலை நிற்கும் மாதங்களில் எமக்கு என்ன உண்டு?

பெரும்போக அறுவடை முடிந்தால் வயலில் கூலி வேலை குறைந்துவிடும். மாரி தொடங்கினால் உப்பளத்தில் வேலை நின்றுவிடும். கடல் கொந்தளிக்கும் காலத்தில் நண்டு, இறால் பதனிடும் இடங்களிலும் ஆட்களைக் குறைத்துவிடுவார்கள். ஆனால் அடுப்பு எரியத்தான் வேண்டும். பிள்ளைகள் பாடசாலைக்குப் போகத்தான் வேண்டும். போரில் கணவரை இழந்து குடும்பத்தைத் தனியே சுமக்கும் எமது பெண்கள் பலர் இத்தகைய பருவத் தொழில்களையே நம்பி வாழ்கிறார்கள்.

கனடா போன்ற நாடுகளில், வேலை செய்யும் காலத்தில் காப்புறுதிப் பணம் கட்டியவர்களுக்கு வேலை இல்லாத காலத்தில் கொடுப்பனவு கிடைக்கிறது. இலங்கையில் அவ்வாறான திட்டம் இல்லை. ஆயினும் எமக்குச் சட்டப்படி உரிய சில நிதிகள் உள்ளன. அவற்றைக் கேட்டுப் பெறாததால் இழப்பவர்களே அதிகம்.

முதலாவது, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான ஊழியர் சேமலாப நிதி. "நீங்கள் தற்காலிகம்தானே, உங்களுக்கு ஈ.பி.எப். இல்லை" என்று சொல்வது தவறு. தற்காலிக ஊழியருக்கும், நாட்கூலிக்கு அல்லது துண்டுக் கணக்கில் வேலை செய்பவருக்கும் இது உரியது. சம்பளத்தில் 8 வீதம் எம்மிடமிருந்து கழிக்கப்படும். தொழில்தருநர் தமது பங்காக 12 வீதம் கட்ட வேண்டும். அந்த 12 வீதத்தை எமது கூலியிலிருந்து கழிக்க முடியாது. வேலையிலிருந்து விலகிய பெண்கள் 50 வயதில் இப்பணத்தைப் பெறலாம்.

இரண்டாவது, 1980ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழான ஊழியர் நம்பிக்கை நிதி. இதற்குத் தொழில்தருநர் மட்டுமே 3 வீதம் கட்டுகிறார். வேலையை விட்டு விலகினால் 50 வயது வரை காத்திராமல் இதைப் பெறலாம். ஆனால் ஒருமுறை பெற்றால் மறுமுறை பெற 5 ஆண்டுகள் செல்ல வேண்டும். ஆகவே சிறு தொகைக்கு அவசரப்படாமல் யோசித்துப் பெறுவது நல்லது.

ஒரு கணக்குப் பாருங்கள். நாட்கூலி 1,200 ரூபா, மாதம் 20 நாள் வேலை என்றால் மாதச் சம்பளம் 24,000 ரூபா. 5 மாதப் பருவத்தில் சேமலாப நிதியில் 24,000 ரூபாவும், நம்பிக்கை நிதியில் 3,600 ரூபாவும் சேர வேண்டும். ஒரு மாதச் சம்பளத்துக்கு மேலான தொகை இது.

வேலைக்குச் சேர்ந்ததும் உங்கள் உறுப்பினர் இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள். வேலை செய்த நாட்களையும் பெற்ற கூலியையும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். பணம் கட்டப்படவில்லை என்றால் அருகிலுள்ள தொழில் அலுவலகத்தில் முறையிடலாம். இறந்த கணவர் வேலை செய்தவராயின், அவரது பெயரில் உள்ள நிதியை அவர் நியமித்தவரோ சட்ட வாரிசோ கோரலாம்.

ஒருநாள் ஒரு வயல், மறுநாள் இன்னொரு வயல் என்று போகும் சகோதரிகளுக்கு இந்நிதிகள் நடைமுறையில் கிடைப்பதில்லை. அவர்களுக்கு 2023இல் தொடங்கிய அஸ்வெசும கொடுப்பனவு உண்டு. இது வேலையின்மைக்கான கொடுப்பனவு அல்ல. குடும்பத்தின் வறுமை நிலையைப் பார்த்தே வழங்கப்படுகிறது. கணக்கெடுக்க வருபவரிடம் நாட்கூலியை மட்டும் சொல்லாதீர்கள். வருடத்தில் எத்தனை மாதம் வேலை இல்லை என்பதையும் சொல்லுங்கள். விண்ணப்ப விபரங்களைப் பிரதேச செயலகத்தில் கேட்டறியலாம்.

இவை எவரும் இரங்கித் தரும் உதவிகள் அல்ல. எமது உழைப்புக்கும் நிலைமைக்கும் சட்டம் தந்துள்ள உரிமைகள். தனியே போகத் தயங்கினால், உடன் வேலை செய்யும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு போய்க் கேளுங்கள்.